நினைவின்றி இட்ட மலர்

செய்யவேண்டும் என்னும் கருத்து இல்லாமல் செய்யப்பட்ட செயல், செய்தவரைப் பற்றுமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் தம்முள் வாதிட்டுவந்த வினாக்களுள் ஒன்று. தமிழில் ‘வினை’ என்னும் சொல் தொழிலையும் குறிக்கும்; அத்தொழிலின் விளைவாக உயிரைத் தொடர்ந்து வந்து பற்றும் பயனையும் குறிக்கும். முதற்பொருள் இரண்டாம் பொருளாக மாறுவதற்குச் செய்பவரின் உள்ளக் கருத்து இடையில் நின்றே ஆகவேண்டுமா, அல்லது கருத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழில் தானாகவே பயனாக முற்றிவிடுமா என்பதே வாதத்தின் நடு. நூல்கள் இதனை ஆராயும்போது கொலையையும் களவையும் எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். ஆனால் அவற்றைவிட நுட்பமான சோதனைக் களம் விளையாட்டு. உவகை பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. கொலை செய்பவர் ஒன்றைக் கருதியே செய்கிறார். விளையாடுபவரோ எதையும் கருதவில்லை என்பதையே தம் விளையாட்டின் இலக்கணமாகக் கொள்கிறார். வீட்டையும் தொழிலையும் சில நாள் மறந்து கடற்கரைக்குச் சென்று, அங்குள்ள சோலையில் நிழல் தேடி அமர்பவர், தாம் அங்கே செய்வது எதுவும் கணக்கில் சேராது என்னும் நம்பிக்கையோடுதான் அமர்கிறார். அந்நம்பிக்கைக்கு இடமுண்டா என்னும் வினாவைத் தமிழின் இரு காப்பியங்கள் ஒரே நகரத்தில், ஒரே விழாவை ஒட்டி, இரு வேறு சோலைகளில் வைத்து ஆராய்ந்திருக்கின்றன.

காவிரி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காவிரிப்பூம்பட்டினம், இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார் என்னும் பெயரோடு சிற்றூராக எஞ்சியிருக்கிறது. இங்கு இந்திரனுக்கு இருபத்தெட்டு நாள் விழா எடுக்கப்பட்டது என மணிமேகலை கூறுகிறது. விழா முடிந்ததும் நகர மக்கள் கடலாடச் செல்வர். கடலை அடுத்த மணல்மேட்டில் புன்னையும் தாழையும் ஞாழலும் செறிந்து நின்ற சோலைக்குக் ‘கானல்’ என்பது பழம்பெயர். பாலை நிலத்துப் பேய்த்தேரைக் குறித்து இன்று வழங்கும் கானலுக்கும் இதற்கும் ஓசை ஒன்றேயன்றிப் பொருள் வேறு. உப்புக் காற்றைத் தாங்கி வளரும் புன்னையின் தடித்த, பளபளப்பான இலைகள் வெயிலைக் கீழே விடுவதில்லை. தாழையின் முள்ளிலைகள் வேலி கட்டாமலே வேலியாகின்றன. ஆகவே கானல் என்பது ஒருவர் நட்டு வளர்த்த தோட்டமாக இல்லாவிட்டாலும், தோட்டத்திற்குரிய இரு பண்புகளான நிழலையும் மறைவையும் இயல்பாகவே பெற்றிருந்தது. சங்கப் பாடல்களில் காதலர் களவில் சந்திக்கும் இடமாக அது மீண்டும் மீண்டும் வருவதற்கு இம்மறைவே காரணம்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலும் ஏறி, விடியலுக்கு முன்பே கடைத்தெரு வழியாகக் கடற்கரையை அடைகின்றனர். அங்கே எரிந்த விளக்குகளை இளங்கோ ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் அடுக்குகிறார்: பூவும் சாந்தும் விற்போர் விளக்கு, பிட்டும் அப்பமும் விற்போர் விளக்கு, கள் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம், மீன்பிடி படகுகளின் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டினர் ஏற்றிய விளக்கு. நுண்மணலில் சிந்திய வெண்சிறுகடுகைக்கூடக் கண்டெடுக்கலாம் என்னும் அளவுக்கு ஒளி. இவ்வளவு வெளிச்சத்தில்தான், எதிரே இருப்பவரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இருவரும் காணத் தவறுகின்றனர். விளக்குகளின் நீண்ட பட்டியலைக் காப்பியப் புலவர் வீண் அணியாக வைக்கவில்லை என்று கொள்ள இதுவே போதிய காரணம்.

தாழை வேலி சூழ்ந்த ஒரு புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவியம் தீட்டிய திரை வளைத்து, மேற்கட்டி கட்டி, வெண்கால் கட்டிலில் இருவரும் அமர்கின்றனர். மாதவி யாழைச் சுருதி சேர்த்துக் கோவலனிடம் தருகிறாள். அவன் அவள் உள்ளம் மகிழவேண்டும் என்றே காவிரியையும் கானலையும் பாடுகிறான். பாடல்களோ நெய்தல் மரபின்படி ஒரு தலைவியை நினைந்து உருகும் தலைவனின் கூற்றாக அமைகின்றன. அதைக் கேட்ட மாதவி, அவன் மனம் வேறொருத்தியிடம் சென்றதோ என ஐயுற்று, ஐயத்தை மறைத்து மகிழ்ந்தாள்போல் யாழை வாங்கி, தானும் வேறொரு கருத்து உடையவள்போலப் பாடுகிறாள். ‘போல’ என்னும் உவம உருபின் மீதே முழுக் காப்பியமும் திரும்புகிறது. அவளிடம் அக்கருத்து இல்லை; கருத்து உண்டு என்னும் தோற்றம் மட்டுமே உண்டு. கோவலன் அத்தோற்றத்தை உண்மையாகக் கொண்டு, பற்றியிருந்த கையை விட்டு, ஏவலாளரோடு எழுந்து போகிறான். மாதவி தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள். யாழ் ஒரு சாக்காக, முன்செய்த ஊழ் அங்கே வந்து நின்றது என்பது இளங்கோவின் விளக்கம். ஊழ் என்பது முற்பிறப்பில் செய்த வினை தன் பயனைத் தருவதற்குரிய முறைமை. அம்முற்பிறப்புச் செயல் எது என்பது மதுரை எரிந்த பின்னர், மதுராபதித் தெய்வத்தின் வாயிலாகவே கூறப்படுகிறது: கோவலன் முன்பு பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டில் அரச பணியில் இருந்தபோது, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பிடித்துக் கொடுத்துக் கொல்வித்தான். ஒரு தோற்றத்தை உண்மையெனக் கொண்ட பிழையே அங்கும் உயிர்க்கொலையில் முடிந்தது என்று படிக்க இடமிருக்கிறது. பிடித்தவன் உண்மையிலேயே அவ்வாறு நம்பினானா, பகைமையால் பொய்யாகச் சொன்னானா என்பதில் மட்டும் கருத்து வேறுபடலாம்.

இதே காப்பியம், இதே கடற்கரைச் சோலைக்குக் கருத்தோடு செல்லும் வேறொரு வழியையும் காட்டி, அதை மறுக்கவும் செய்கிறது. காவிரி கடலில் கலக்கும் முகத்துக் கானலில் சோம குண்டம், சூரிய குண்டம் என இரு குளங்கள் உள்ளன என்றும், அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழும் மகளிர் கணவரோடு கூடி இன்புறுவர் என்றும், தானும் கோவலன் மனைவி கண்ணகியும் ஒருநாள் அங்கே போகலாம் என்றும் கண்ணகியின் தோழி தேவந்தி அழைக்கிறாள். பயனைக் கருதிச் செய்யும் செயல் இது. இன்றைய சுற்றுலாவும் புனிதப் பயணமும் கலந்த கடற்கரைச் செலவுக்கு மிக நெருங்கிய முன்வடிவம் என்றும் சொல்லலாம். அது பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். மறுத்த அப்பொழுதே கோவலன் வாயிலில் வந்து நிற்கிறான். குளத்து நீர் தருவதாகச் சொல்லப்பட்ட பயன் குளத்தில் இறங்காமலே வந்துவிட்டது. வந்த பயனும் அவளை மதுரைக்கே கொண்டுசெல்கிறது. கருத்தில்லாத பாட்டு பிரிவைத் தந்தது, கருத்தோடு செய்திருக்கவேண்டிய நீராட்டு தேவையற்றதாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, செய்பவரின் உள்ளக் கருத்துக்குச் சிலப்பதிகாரம் மிகச் சிறிய இடத்தையே ஒதுக்குகிறது என்பது விளங்கும்.

மணிமேகலை இதற்கு விடையிறுக்கவே எழுந்ததோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு அதன் தொடக்கம் அமைகிறது. கோவலன் கொலையுண்ட செய்தியைக் கேட்டுக்கொண்டே மாலை தொடுத்த, அவனுக்கும் மாதவிக்கும் மகளான மணிமேகலையின் கண்ணீர் பூக்களின் மேல் விழ, மாலை தூய்மை இழந்தது. வேறு மலர் கொண்டுவா என மாதவி அவளை அனுப்புகிறாள். எந்தச் சோலைக்குப் போவது என்னும் பேச்சு அதன்பின் வருகிறது. தனியே மலர் கொய்யச் சென்ற இடத்தில், இந்திர விழாக் காண வான்வழி வந்த விஞ்சையன் ஒருவனால் தூக்கிச் செல்லப்பட்டவள், துணையாகச் செல்லும் தோழி சுதமதி. ஆகவே சோலை என்பது ஆபத்தில்லாத இடம் என்று அவளால் எண்ண இயலவில்லை. இலவந்திகையில் அரசனோடு சார்ந்தவர் இருப்பர், உய்யானத்தையும் சம்பாதி வனத்தையும் கவேர வனத்தையும் தெய்வங்கள் காக்கின்றன என ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் புத்தரின் ஆணையால் மரங்கள் எக்காலமும் பூத்து நிற்கும் உவவனம் ஒன்றே செல்லத்தக்கது என்கிறாள். ஒரு நகரின் தோட்டங்களை இவ்வாறு அச்சத்தின் அளவால் வரிசைப்படுத்திய பகுதி பழந்தமிழில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

உவவனத்தின் நடுவே பளிங்கினால் ஆன மண்டபம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். அவர் எழுப்பும் ஓசை வெளியே வராது. கானலில் நிகழ்ந்ததற்கு நேர் எதிரான அமைப்பு இது: அங்கே ஓவியத் திரை உருவத்தை மறைத்தது, பாட்டோசை மட்டும் சென்று உள்ளத்தைப் புண்படுத்தியது. மண்டபத்துள் மணிகளால் இழைத்த தாமரைப் பீடம் இருக்கிறது. அதில் வைத்த அரும்பு மலரும், மலர்ந்தது எத்தனை ஆண்டு கழிந்தாலும் வாடாது, வண்டும் மொய்க்காது. இவ்வளவோடு நின்றிருந்தால் அது காப்பியங்களில் பயிலும் அற்புதங்களுள் ஒன்றாகவே முடிந்திருக்கும். ஆனால் மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் தொடர்கிறார்: ஏதேனும் ஒரு தெய்வத்தை மனத்தில் நினைத்து இப்பீடத்தில் மலரிட்டால், அம்மலர் அத்தெய்வத்தின் அடியைச் சென்று சேரும், எந்த நினைவும் இல்லாமல் இட்டால் எங்கும் போகாமல் அங்கேயே கிடக்கும். உள்ளக் கருத்து இல்லாவிட்டாலும் செய்த வினை வந்து சேரும் என்று சொல்லும் கடுந்தவ நோன்பிகள் துன்புறவும், கருத்து இல்லையெனில் எப்பயனும் சேராது என்போர்க்குச் சான்றாகவும், தெய்வத் தச்சனாகிய மயன் இதனை முன்னாளில் இயற்றினான். அதாவது பீடம் வழிபாட்டுக்கான பொருளாக மட்டும் அமையவில்லை. ஒரு தத்துவ வாதத்தைக் கண்முன் செய்து காட்டும் கருவியாகவும் அமைந்தது. உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து வெளியிட்ட பின்னரே இக்காப்பியம் பரவலாகப் படிக்கப்பட்டது. எனினும் மலர்வனம் புக்க காதையில் உள்ள இச்சில அடிகள், பிற்பகுதியில் வரும் அளவை வாதங்களைப் போல ஆய்வாளரின் கவனத்தை ஈர்க்காமற்போனது வியப்பே.

நோன்பிகள் என்பது சமண முனிவரைக் குறிப்பதாகக் கொள்வது பொருந்தும்; ஏனெனில் இவ்வாதம் பாலி நூல்களிலேயே பௌத்தருக்கும் நிகண்டர் எனப்பட்ட சமணருக்கும் இடையே நடக்கிறது. மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், உடல், சொல், மனம் என்னும் மூன்றனுள் உடலால் செய்வதே பெரும் தீமை என்பது நிகண்டர் கொள்கையாகவும், மனத்தால் செய்வதே பெரிது என்பது புத்தர் கொள்கையாகவும் வருகின்றன. பௌத்தம் ‘சேதனை’ என்னும் கருத்தையே வினை எனப் பெயரிட்டது. கருத்து எழுந்த பின்னரே உடலும் சொல்லும் இயங்குகின்றன என்பது அதன் நியாயம். சமணர் இதனை எள்ளி நகையாடினர். அவர்களது சூத்திரகிருதாங்கம், பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என எண்ணிச் சூலத்தில் குத்தியவன் கொலையாளி என்றும், குழந்தையைச் சுரைக்காய் என எண்ணி வாட்டியவன் குற்றமற்றவன் என்றும் பௌத்தம் சொல்லவேண்டி வருமே எனக் கேட்கிறது. அறியாமல் தொட்டாலும் தீ சுடுமல்லவா என்பது சமணர் கூற்றாகப் பௌத்த ஆசிரியர் வசுபந்து எடுத்துரைக்கும் உவமை. அப்படியானால் பிறரை ஏவித் தீயைத் தொடச்செய்தவர் சுடப்படுவதில்லை, ஆகவே கொலைக்கு ஏவியவரும் குற்றமற்றவராகிவிடுவாரே என்பது அவர் தரும் மறுமொழி. இருபுறத்து எள்ளல்களும் சுவையானவை. இருபுறத்தாரும் எதிரியின் கொள்கையை அதன் மிக வலுவற்ற வடிவத்தில் எடுத்துக்கொண்டே எள்ளினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஏனெனில், கருத்தை முற்றிலும் புறந்தள்ளியது என்று சமணத்தின் மேல் சாத்தனார் ஏற்றும் குறை நேர்மையானதன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது ‘பிரமாதம்’ என்னும் சொல்லைப் பெய்கிறது. பிரமாதம் என்பது இன்று பேச்சுத்தமிழில் ‘மிகச் சிறப்பு’ என்னும் பொருளுக்குத் திரிந்துவிட்டது. சமண நூல்களில் அது மனம் விழிப்பின்றிச் சோர்ந்திருக்கும் நிலை. அச்சோர்வின் காரணமாக உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை. விழிப்போடு நடந்த முனிவரின் காலடியில் ஒரு சிற்றுயிர் அகப்பட்டு இறந்தாலும் அவரை அது பிணிப்பதில்லை எனக் குந்தகுந்தரும் கூறுகிறார். ஆகவே சமணர் எழுப்பிய வினா, கருத்து இருந்ததா என்பதோடு நிற்கவில்லை. கருத்து இல்லாமற்போனதற்கு நீ பொறுப்பில்லையா என்பதுவரை செல்கிறது. சோலைக்கு ஓய்வுகொள்ள வந்தவருக்கு இவ்வினா பௌத்தரின் வினாவைவிடக் கடுமையானது. ஓய்வு என்று அவர் நாடி வந்ததே விழிப்பைத் தளர்த்தும் உரிமையைத்தான். மாதவியிடம் வேறு கருத்து இல்லை என்பதைப் பௌத்தர் ஏற்று அவளை விடுவிப்பர். விளையாட்டாகப் பாடுகையில் எதிரே இருப்பவன் எப்படிப்பட்டவன் என்பதை ஏன் மறந்தாள் எனச் சமணர் கேட்பர். கோவலனாலோ இருவரிடமும் தப்ப இயலாது, ஏனெனில் அவனுக்குச் சினமும் இருந்தது, சோர்வும் இருந்தது.

பீடத்தின் சோதனையிலேயே ஓர் ஓட்டையும் உண்டு. நினைவின்றி இட்ட மலர் எந்த அடியையும் சேராமல் பீடத்தில் கிடக்கும் என்பதால், செயல் பயனற்றது என்று பௌத்தர் முடிவுகட்டுகின்றனர். ஆனால் பீடத்துக்கு வருவதற்கு முன்பே அம்மலர் கிளையிலிருந்து கொய்யப்பட்டுவிட்டது. கொய்தவருக்கு வினைப்பயன் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கிளைக்கு இழப்பு இல்லை என்று எப்பீடமும் மெய்ப்பிக்க இயலாது. செய்தவரைச் சேரும் பயன் வேறு, செயலால் பிறருக்கு நேரும் விளைவு வேறு. மயன் செய்த கருவி முன்னதை மட்டுமே அளக்கும். புல்லும் மரமும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியமும் சமணமும் கொள்வதால், தமிழ்ச் சூழலில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது. வடநாட்டுத் திகம்பரருள் தேராபந்தியர் வழிபாட்டில் புதுமலரைத் தவிர்த்து நிறமேற்றிய அரிசியை மலருக்கு ஈடாக இடுவது இக்கவலையின் நேர்விளைவு. பௌத்தமும் இதில் முழு உறுதியோடு நிற்கவில்லை: மரஞ்செடிகளை வெட்டுவது துறவிகளுக்கு விநயத்தில் விலக்கப்பட்டது, மக்கள் அவற்றை ஓரறிவுயிராக மதிக்கின்றனர் என்பதே காரணமாகவும் கூறப்பட்டது. கருத்தே வினை என்ற சமயம், மரத்தின் முன் சற்றே தலைகுனிந்தது என்று கொள்ளலாம்.

இதே கடற்கரையில் தெற்கே, மறைக்காடு எனப்பட்ட வேதாரணியத்தில், சைவம் மூன்றாம் விடை ஒன்றை வைத்திருக்கிறது. கோயில் விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியின் மூக்கில் சுடர் சுட, அது துள்ளியதில் அணையவிருந்த திரி தூண்டப்பட்டது. அதன் பயனாக அவ்வெலி மறுபிறவியில் மாவலி மன்னனாயிற்று. அப்பர் தம் தேவாரத்தில் இதனைக் குறிப்பிடுகிறார். நெய் தின்னும் கருத்து எலிக்கு இருந்தது, விளக்கேற்றும் கருத்து இல்லை. ஆயினும் பயன் விளக்கேற்றியதற்கே வந்தது. இதனைச் சைவர் ‘அபுத்திபூர்வம்’, அதாவது அறிவு முன்னிற்காமல் நிகழ்ந்த சிவபுண்ணியம் என வகைப்படுத்தினர். உவவனத்துப் பீடம் மறுத்த மலரை மறைக்காட்டு இறைவன் ஏற்றுக்கொள்கிறான். ஆனால் இக்கணக்கு ஒருபுறமே திறந்திருப்பது கவனிக்கத்தக்கது: அறியாமல் செய்த நன்மை எண்ணப்படுகிறது, அறியாமல் செய்த தீமையைப் பற்றி இக்கதை எதுவும் சொல்வதில்லை. அருளை நடுவில் வைக்கும் சமயத்துக்கு இச்சாய்வு இயல்பே. தத்துவ வாதமாக மட்டும் பார்ப்பவருக்கு அது போதாது.

பூம்புகாருக்கு இன்று விடுமுறையில் செல்பவர் காண்பது 1970களில் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம் எனக் காப்பியப் பெயரிட்ட புதிய அமைப்புகளையும்தான். கானல் இருந்த கரையைக் கடல் கொண்டுவிட்டது. அண்மையிலுள்ள பல்லவனேசுவரத்தில் 1960களில் நடந்த அகழாய்வில் பௌத்த விகாரத்தின் எச்சங்களும் புத்த பாதம் செதுக்கிய சுண்ணக்கல்லும் வெளிப்பட்டன. மலர் சென்று சேரும் அடி என்று காப்பியம் பேசியதற்கு, புத்தரின் பாதத்தை வணங்கிய ஒரு வழக்கம் அந்நகரில் உண்மையாகவே இருந்தது என்பதற்கு அக்கல் சான்று. மணல்மேட்டில் எஞ்சியிருப்பது அடும்பு. அதன் கொடிகள் மணலைப் பிணித்துக் கரையைக் காக்கின்றன, நடந்து செல்வோர் மிதிக்கையில் எவரும் அதைக் கருதுவதில்லை.

கடல்கோளைப் பற்றி மணிமேகலையே தரும் காரணம் இவ்விடத்தில் மீண்டும் படிக்கத்தக்கது. சோழ மன்னன் கிள்ளி, கடற்கரைச் சோலை ஒன்றில் நாகநாட்டு இளவரசி பீலிவளையைக் கண்டு, அவளோடு ஒரு மாதம் களித்திருந்தான். அவள் சொல்லாமல் மறைந்தாள். பின்னர் அவள் மணிபல்லவத் தீவிலிருந்து அவர்கள் மகனைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனின் கலத்தில் ஏற்றி அனுப்ப, கலம் இரவில் கரையருகே கவிழ்ந்தது; குழந்தை காணாமற்போயிற்று. மகனைத் தேடி அலைந்த அரசன் இந்திர விழாவை எடுக்க மறந்தான். விழாவை நிறுத்தவேண்டும் என்று அவன் கருதவில்லை, இந்திரனை இகழவும் இல்லை; துயரத்தில் நாள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. மணிமேகலா தெய்வத்தின் சினத்தாலும் இந்திரனின் சாபத்தாலும் நகரம் கடலுள் ஆழ்ந்தது. துன்பங்கள் எல்லாமே பழவினையால் வருவன அல்ல, பருவ மாறுதல் முதலிய பிற காரணங்களும் உண்டு எனப் பாலி நூல்கள் கூறுவதைக் கொண்டு, தெய்வத்தின் சினம் வேறு வினைப்பயன் வேறு எனப் பௌத்தர் இதற்கு அமைதி கூறலாம். ஆயினும் கருத்தில்லாச் செயல் பயன் தராது என்பதை மெய்ப்பிக்க ஒரு பீடத்தையே படைத்த புலவர், அப்பீடமும் பளிங்கு மண்டபமும் எக்காலமும் பூத்த மரங்களும் சேர்ந்து மூழ்கியதற்கு, ஓர் அரசன் சோலையில் கழித்த ஒரு மாதத்தையும் அதன் பின் நேர்ந்த மறதியையும் காரணமாக எழுதிவிட்டு, அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள முரணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த காதைக்குச் செல்கிறார்.